மூன்று போன்களில் என் முகம்

மகள் அப்படிச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வழக்கம்போலப் பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து, தலை சீவி உட்கார்ந்திருந்தேன். பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அப்பா, உங்க முகமே தெரியலப்பா. குளத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"வெளிச்சம் பத்தலையோ என்னமோ," என்று எழுந்துபோய் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

"இப்ப இன்னும் மோசம். மூக்கு மட்டும் தெரியுது." சிரித்தாள். "போன மாத்துங்கப்பா. எத்தனை வருஷம் இதையே வச்சிருப்பீங்க?"

ஆறு வருடமாக வைத்திருந்தேன். ஒருமுறை மாடிப்படியில் விழுந்ததில் முன்பக்கக் கேமராவுக்கு மேலே கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதனால் என் முகம் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. வீடியோவில் பேசும்போது மூலையில் சின்னக் கட்டத்தில் தெரிகிற என்னை நான் பார்ப்பதில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பிறந்ததும் இந்த ஊர்தான். மனைவியும் மகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது போனார்கள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மனைவிக்கு அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. நான் மாறுதல் கேட்டு மனுப் போட்டிருக்கலாம். போடுகிறேன், போடுகிறேன் என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை தோன்றியிருக்கிறது. கடைசியாக வந்து மிச்சச் சாமான்களை எடுத்துக்கொண்டு போன அன்று, பஸ் ஸ்டாண்டில் வைத்து மனைவி சொன்னாள்.

"ஒங்ககூட இருக்கதும் தனியா இருக்கதும் ஒண்ணுதான். தனியா இருந்தா, பதில் சொல்லுவாகளான்னு யார் வாயையும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சிவகிரி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் சீட்டுக்கு மேலே வைத்தேன். விவாகரத்து, கோர்ட் என்று எதுவும் இல்லை. மகளை நேரில் பார்த்து வருடங்கள் ஆகின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் போன் என்று ஒன்றை நான் வைத்திருந்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

ஆகவே புதுப் போன் வாங்குவது என்று முடிவு செய்தேன். இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டும். கொடுக்கிற காசுக்கு எது அதிகம் தருகிறதோ அதை வாங்க வேண்டும்.

என் வேலையே ஒப்பிடுவதுதான். அலுவலகத்துக்கு மேஜை வாங்கினாலும் மின்விசிறி வாங்கினாலும் மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மேலே அனுப்புகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறேன். அதே மாதிரி ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். பேட்டரி, சார்ஜ் ஏறும் நேரம், திரை, பின்பக்கக் கேமரா, எத்தனை வருடத்துக்கு அப்டேட் வரும், ரிப்பேர் என்றால் திருநெல்வேலிக்கு ஓட வேண்டுமா இல்லை இங்கேயே பார்ப்பார்களா. கடைசிக் கட்டம் முன்பக்கக் கேமரா. அதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டேன்.

முதல் வாரம் பதினொரு போன்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன். வீடு என்பது விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் மாடியில் இரண்டு அறை. கீழே மூன்று வீடுகளில் தறி. காலையில் ஆரம்பிக்கிற சத்தம் இரவு சாப்பிடும் நேரம்வரை இருக்கும். அதற்குப் பழகிப்போன காதுக்கு அது சத்தமாகவே தெரியாது. கரண்ட் போனால்தான் திடீரென்று என்னமோ நடந்துவிட்டதுபோல இருக்கும். முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போன்களைப் பற்றிப் பேசுகிற வீடியோக்களைப் பார்ப்பேன்.

அதில் ஒருவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முப்பது வயதுக்குள் இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை மெதுவாக உரிப்பார். "வணக்கம் நண்பர்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். அலுவலகத்திலிருந்து கிளம்பிய பிறகு என்னைப் பார்த்து யாராவது பேசுகிற முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, "இருக்கேன், இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டது. வெட்கமாகப் போய்விட்டது. எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

ஒருவர் நல்லது என்பதை இன்னொருவர் மோசம் என்பார். ஒருவர் பேட்டரி இரண்டு நாள் வருகிறது என்பார். கீழே கருத்து எழுதுகிறவர்கள், சாயங்காலத்துக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்று திட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பதினொன்று ஏழாயிற்று. ஏழு ஐந்தாயிற்று. உண்மையைச் சொன்னால் அந்த நாற்பது நாட்கள் எனக்கு நன்றாகப் போயின. வீட்டுக்குப் போனால் செய்வதற்கு ஒன்று இருந்தது. எதை அடிப்பது, எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன். வேண்டுமென்றே இழுத்தடித்தேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

அலுவலகத்திலும் விஷயம் பரவிவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது நான் எப்போதும் என் மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டு மூடிவிடுவேன். பதிவறையில் இருக்கிற அண்ணாச்சி ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டார். ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி. யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காத மனிதர்.

"என்னவே இது? டெண்டரா?"

"இல்ல அண்ணாச்சி. போன் வாங்கலாம்னு பாக்கேன்."

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எய்யா! எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்போகூட எங்க வீட்ல இவ்ளோ விசாரிக்கலவே. சரி, எம் மருமகனுக்கு ஒண்ணு வாங்கணும். எது நல்லது? அங்கன வந்து சொல்லும்."

அன்றைக்கு முதல்முறையாக எல்லோரும் சாப்பிடுகிற அந்த நீள மேஜைக்கு என் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். ஒருவர் கேட்க, அடுத்தவர் கேட்க, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வண்டி ஓட்டும்போது வழி பார்க்கிறவருக்கு எது சரி, கண் மங்கியவருக்கு எந்தத் திரை சரி, பாட்டு மட்டும் கேட்கிறவர் எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும். தட்டச்சர் அம்மா, "இவருக்கு இவ்ளோ பேச்சு வருமா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அது உண்மைதான். பேட்டரியைப் பற்றி என்னால் ஒரு மணி நேரம் பேச முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் மனைவிக்குச் சொல்ல மட்டும் ஒரு வரி வாயில் வரவில்லை.

கடைசியில் மூன்று போன்கள் நின்றன. கம்பெனிப் பெயர்கள் இப்போது முக்கியமில்லை. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். காகிதத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. மூன்றும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கடையில் இருப்பதாகத் தெரிந்துகொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நோட்டோடு போனேன்.

வெயில் நேரம். கடையில் கூட்டம் இல்லை. புளியங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து வேலை பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். முப்பதை நெருங்கும் வயது. நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவளும் சலிக்காமல் மூன்று போன்களையும் என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"வீடியோ கால்தான் முக்கியம்னு சொல்லுதீங்க. அப்போ யாருக்காவது போட்டுப் பாத்திருங்க சார். உங்க நம்பர்ல இதுல லாகின் பண்ணித் தாரேன்."

நல்ல யோசனை. என் பழைய போனை எடுத்து, யாருக்குப் போடலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அலுவலகம், கேஸ் கம்பெனி, வீட்டுக்காரர், தண்ணீர் கேன், பல் டாக்டர். மகள் அந்த நேரம் கம்ப்யூட்டர் வகுப்பில் இருப்பாள். அங்கே போனைக் கையில் எடுக்கக் கூடாது. அண்ணாச்சி சாதாப் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். மனைவியின் பெயர் வந்தது. அதைத் தாண்டி மேலே தள்ளினேன். பட்டியல் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப யாரும் இருக்க மாட்டாங்க," என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அதனால என்ன சார்? நா எம் போன எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போறேன். இந்த மூணுலயும் காட்டுததுக்குன்னே கடை நம்பர் போட்டிருக்கு, ஒண்ணொண்ணா கூப்பிடுதேன். நீங்க எடுத்துப் பேசுங்க. அந்தப் பக்கம் எப்படித் தெரியுதுன்னு நா போட்டோ பிடிச்சு வச்சிக்கிடுதேன்."

நாற்பது நாட்களில் எந்த வீடியோவிலும் ஒருவரும் இதைச் செய்துகாட்டியதில்லை. போன் வைத்திருக்கிறவனுக்கு என்ன தெரிகிறது என்றுதான் எல்லோரும் காட்டினார்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று யாரும் காட்டவில்லை.

அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஜூஸ் கடை நிழலில் போய் நின்றாள். பச்சை போன் அடித்தது.

"சார், கேக்குதா? ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"ஏதாவது. இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"தயிர்சாதம்."

"தொட்டுக்க?"

"ஊறுகா."

"அவ்ளோதானா? கொஞ்சம் சிரிங்க சார். ரொம்ப உர்ருன்னு இருக்கீங்க."

சிரித்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜூஸ் கடை நிழலில் அவளும் சிரித்தது கதவு வழியாகவும் தெரிந்தது, திரையிலும் தெரிந்தது. பிறகு கறுப்பு அடித்தது, அடுத்து நீலம். ஒவ்வொன்றிலும் அதே கேள்விகளைக் கேட்டாள். மூன்றாவது முறை "என்ன சாப்பிட்டீங்க?" என்றபோது நான் "தயிர்சாதம்" என்று முந்திக்கொண்டு சொல்ல, இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அது முடிந்தபோது, இன்னொரு போன் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். பதினொன்றை மூன்றாகக் குறைத்தவன் நான்தான்.

உள்ளே வந்து தன் போனில் மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள்.

பச்சை போனில் ஒருவர் இருந்தார். கன்னம் பளபளவென்று, கண்ணுக்குக் கீழே கறுப்பே இல்லாமல், ஏதோ நகைக்கடை விளம்பரத்தில் வருகிற மாப்பிள்ளையின் அப்பா மாதிரி. கறுப்பில் வெளிச்சம் சரியாக விழாமல் பாதி முகம் இருட்டாக இருந்தது. நீலத்தில் நான் இருந்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்தில் நரம்பு தெரிந்தது. சவரம் செய்யும்போது இடது தாடைக்குக் கீழே விட்டுப்போன நரைமுடிகள் தெரிந்தன. சட்டைக் காலர் பிரிந்து நூல் தொங்குவதுகூடத் தெளிவாக இருந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். ஆனால் கண்ணாடியில் நான் சவரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். வேறொருத்தரின் கையில், வேறொருத்தர் பார்க்கிற முகமாக அதைப் பார்த்தபோது, யார் இந்த மனுஷன், ஏன் இவன் இப்படி இருக்கிறான் என்றிருந்தது.

"யாருக்கு சார் பேசணும்?" என்று கேட்டாள்.

"மகளுக்கு. கோயம்புத்தூர்ல படிக்கா."

அவள் பச்சை போனைக் கையில் எடுத்தாள். "கடைக்காரியா சொல்லணும்னா எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க. இதுல முகத்த அதுவே அழகாக்கிரும். நானும் இதுதான் வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் வெளிநாட்ல இருக்காரு சார். மத்த போன்ல பேசுனா, ஏன் இப்படி மெலிஞ்சிட்ட, தூங்கலையாம்பாரு. கேட்டா எனக்கு அழுகை வந்துரும். இதுல அந்தக் கேள்வியே வராது." அதைத் திரும்ப வைத்துவிட்டு நீலத்தைத் தொட்டாள். "இது உள்ளத உள்ளபடி காட்டும். நீங்கதான் யோசிக்கணும்."

நான் யோசிக்கவில்லை. ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுப் பழகியவன் புத்தி, எது துல்லியமோ அதுவே நல்லது என்று சொன்னது. நீலத்தை வாங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு மகள் கூப்பிட்டபோது ஜன்னலோர நாற்காலியில் புதுப் போனோடு தயாராக இருந்தேன். திரையில் அவள் முகம் வந்தது. முன்பைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தது. நெற்றியில் ஒரு பரு, காதில் நான் பார்த்திராத ஒரு சின்னத் தோடு.

"வாங்கிட்டேன்," என்றேன். "எப்படித் தெரியுது?"

திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"அப்பா, தறிச் சத்தமே கேக்கலியே. வீடு மாத்திட்டீங்களா?"

"இல்ல மக்கா. இதுல வெளிச் சத்தத்த அமுக்கிரும். மைக் அப்படி." அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எப்ப இவ்வளவு இளைச்சீங்க?"

"இளைக்கலையே. எப்பவும்போலத்தான்."

"போன அப்படியே திருப்புங்கப்பா. வீட்டக் காட்டுங்க."

திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மறுத்திருக்கலாம். கொடியில் ஒரு வாரத்துத் துணி. கட்டிலில் ஒரு பாதியில் படுக்கை, மறுபாதியில் செய்தித்தாள்களும் மாத்திரை அட்டைகளும். அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்னக் குக்கர். சுவரில் அவர்கள் போன பிறகு நாள்காட்டி எதுவும் மாட்டாத வெறும் ஆணி. பழைய போன் இத்தனை வருடமாக இதையெல்லாம் ஒரு புகைக்குள் வைத்திருந்தது. திருப்பி என் முகத்துக்குக் கொண்டுவந்தபோது அவள் திரையில் இல்லை. கேமராவை அணைத்திருந்தாள்.

"மக்கா? லைன் போயிருச்சா?"

"இல்லப்பா. இருக்கேன். அம்மா கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்."

அடுத்த ஞாயிறு குரலில் மட்டும் கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை எதற்கு என்று கேட்டாள். பிரஷருக்கு என்றேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் குரல்தான். புதுப் போன் சொம்பில் சாய்ந்திருக்கும். அதன் திரை கறுப்பாக, நடுவில் அவள் பெயரின் முதலெழுத்து ஒரு வட்டத்துக்குள் இருக்கும். நான் தலை சீவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

வார நாட்கள் அதைவிட மோசம். ஆறு மணிக்கு வந்து டீ போட்டால், ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. பழக்க தோஷத்தில் அந்த வீடியோக்காரரைப் போட்டுப் பார்த்தேன். வேறு ஏதோ போனின் பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டிருந்தார். மனம் ஒட்டவில்லை. அலுவலகத்தில் நீள மேஜையில் அண்ணாச்சி, "என்னவே, வாங்கியாச்சுன்ன உடனே வாய மூடிக்கிட்டீரு?" என்றார். மறுநாள் டப்பாவை என் மேஜையிலேயே திறந்தேன்.

ஒரு சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ன சார், போன்ல எதும் பிரச்சினையா?"

"இல்ல. இதுலயும் முகத்த நல்லாக் காட்டுத மாதிரி ஏதாவது இருக்கான்னு…"

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை வாங்கி, செட்டிங்ஸுக்குள் எங்கோ போய் ஒரு கோட்டைக் காட்டினாள். விரலால் தள்ளினால் முகம் மெல்ல மெல்ல வழவழப்பாகிறது. "இம்புட்டு வச்சாப் போதும் சார். ரொம்பத் தள்ளினா கண்டுபிடிச்சிருவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாப்பா எதும் சொன்னாளா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. அதான்."

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீடுவரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை குரல் அழைப்பு வந்தபோது, சாப்பிட்டீர்களா என்று மகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் கேட்டேன்.

"ஏன் மக்கா, இப்பல்லாம் முகத்தக் காட்ட மாட்டேங்குத?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்குப் பாத்ததுக்கப்புறம் ஒரு வாரம் படிக்கவே முடியலப்பா," என்றாள். "நீங்க நல்லா இருக்கீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்க. நானும் நம்பிட்டேன்."

எப்போதும் இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்துவிடுவேன். வாய் அப்படியே பூட்டிக்கொள்ளும். அன்றைக்கும் பூட்டியது. எதிரில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவள் அம்மா இத்தனை வருடம் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது பட்டது.

"நா நல்லா இல்லதான்," என்றேன். "சாயங்காலம்தான் கஷ்டம். ஆறு மணிக்கு மேல என்ன செய்யன்னு தெரியல. இந்தப் போன் வாங்குதேன்னு நாப்பது நாள் சுத்துனேன்ல, அதுல பொழுது போச்சு."

"நாப்பது நாளா? ஒரு போனுக்கா?"

நோட்டைப் பற்றிச் சொன்னேன். பதினொரு போன்கள், கட்டங்கள், வீடியோக்காரருக்கு நான் பதில் சொன்னது, கதவைப் போய்ப் பார்த்தது, ஜூஸ் கடை நிழலிலிருந்து ஒரு பெண் மூன்று தடவை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டது. கதவு விஷயத்துக்கு அவள் சிரித்தாள். ஜூஸ் கடை விஷயத்துக்குச் சிரிக்கவில்லை. என் அலைபேசி வாழ்க்கையில் மிக நீளமான பேச்சு அதுதான். கடைசியில், "எனக்கும் போன் மாத்தணும்ப்பா. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அன்றே புது நோட்டு வாங்கினேன். கல்லூரிப் பெண்ணுக்கு வேண்டியதெல்லாம் வேறு. எடை குறைவாக இருக்க வேண்டும், பாடம் படமெடுக்கப் பின்பக்கக் கேமரா வேண்டும், நிறையச் சேமிக்க இடம் வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து ஒன்பதை நான்காக்கி, நான்கை ஒன்றாக்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன். வீடியோவிலேயே வந்தாள். என்னமோ வித்தியாசமாகத் தெரிந்தது.

"புதுசுப்பா! நேத்து பிரெண்ட்ஸ்கூடப் போயிருந்தேன். ஆஃபர் போட்டிருந்தாங்க. வாங்கிட்டேன். எப்படி இருக்கு?"

கண்ணாடி முன்னால் போய் நின்று போனைக் காட்டினாள். அது என் பட்டியலில் ஆறாவது. பேட்டரி சரியில்லை என்று இரண்டாம் வாரமே அடித்துவிட்டேன்.

"நல்ல போன்தான் மக்கா," என்றேன்.

"நீங்க பாத்துட்டு இருந்தீங்கல்ல? சாரிப்பா. மறந்தே போயிட்டேன்."

"சும்மா மேலோட்டமாப் பாத்தேன். அது கெடக்கு."

நோட்டைக் கட்டிலில் செய்தித்தாள்களோடு வைத்தேன். வருத்தம் இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்று முழுக்க இருந்தது. அந்தக் கடைப் பெண் காட்டிய முகம் வழவழப்பாக்குகிற கோட்டை மட்டும் நான் இதுவரை தொடவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டைகளைத் துவைத்து மடித்தேன், இடது தாடையைக் கவனித்துச் சவரம் செய்ய ஆரம்பித்தேன். மத்தியானம் டப்பாவைச் சில நாள் நீள மேஜைக்கு எடுத்துப் போகிறேன். சில நாள் எழுந்திருக்க முடிவதில்லை.

போன புதன்கிழமை ஏழு மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. மகள். புதன்கிழமைகளில் அவள் கூப்பிட்டதே கிடையாது. ஈரக் கையோடு பதறிப்போய் எடுத்தேன்.

"என்ன மக்கா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. இந்தப் போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது. மத்தியானமே செத்துடுது. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். அந்தப் போனில் எந்த எந்த ஆப் பின்னால் ஓடிப் பேட்டரியைத் தின்கிறது, எங்கே போய் எதை நிறுத்த வேண்டும் என்று எல்லாமே எனக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, "சரி, அடுத்து?" என்று கேட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு சொல்ல வேறு எதுவும் இல்லாதபோதும் அவள் உடனே வைக்கவில்லை. அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள். கஷாயம் வைத்துக் கொடு என்றேன். நான் சொன்னதாகச் சொல் என்று சொல்ல நினைத்தேன். அது வரவில்லை.

போனை வைத்த பிறகு அரிசியை மறுபடி களைந்து அடுப்பில் ஏற்றினேன்.